தொட்டு விற்ற தையல் மெசின்

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில், ரயில் போகும்போதெல்லாம் ஓடு கிலுகிலுக்கும் ஒரு வாடகை வீட்டில் சண்முகலிங்கம் குடியிருந்தார். ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் காலமாகிக் கடைவாசல்களில் கறுப்புத் துணி தொங்கிய வருஷம் அது. தேங்காயெண்ணெய் ஏற்றுமதி செய்த ஒரு கொம்பனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர், அந்தக் கொம்பனி படுத்துவிட, வீடு வீடாகப் போய்த் தையல் மெசின் விற்கும் வேலையில் சேர்ந்திருந்தார். வெள்ளை லோங்ஸ், பித்தளைப் பொத்தான் வைத்த கோட்டு, வெயிலுக்கும் மழைக்கும் ஒரே குடை. பார்வைக்குக் குறை சொல்ல முடியாது. மெசினைப் பற்றியும் அவருக்குத் தெரியாதது இல்லை. எந்தத் திருகாணி எதற்கு, எந்த நூலுக்கு எந்த ஊசி, எத்தனை நாளுக்கு ஒருக்கால் எண்ணெய் விடவேண்டும் என்றெல்லாம் மனப்பாடம். ஆனால் சித்திரை வருஷம் பிறந்தும் ஒரு மெசின்கூட விற்றபாடில்லை. ஆட்கள் மரியாதையாக இருத்தி, கோப்பி கொடுத்து, அவர் சொல்வதையெல்லாம் கேட்டுவிட்டு, "பேந்து பாப்பம்" என்று வாசல்வரை வந்து வழியனுப்பினார்கள்.

மேலாளர் யான்ஸ் என்ற பறங்கியர். சிவந்த கழுத்து, பெரிய தொப்பை, எங்கே போனாலும் தன் வீட்டுக்குள் நுழைவதுபோல நுழையும் ஆள். ஒருநாள் சண்முகலிங்கத்தோடு தானும் வருவதாகச் சொல்லி ஹெவ்லொக் டவுனுக்குக் கூட்டிப்போனார். முதல் வீட்டில் சண்முகலிங்கம் பேசினார், யான்ஸ் சும்மா இருந்தார். கோப்பி வந்தது, "பேந்து பாப்பம்" வந்தது. இரண்டாவது வீட்டில் யான்ஸ் பேசினார். மெசினைப் பற்றி அவர் அதிகம் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்காரரின் கையைக் குலுக்கினார், ரோசாச் செடியைப் பார்க்கப் போனபோது அவருடைய முழங்கையில் இரண்டு விரலை வைத்தார், பகிடி சொல்லித் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். அந்த மனுசன் தானே போய் மனைவியைக் கூப்பிட்டு, எங்கே மெசினை வைக்கலாம் என்று கேட்டார்.

திரும்பி வரும் வழியில் தேத்தண்ணிக் கடையொன்றில் யான்ஸ் விஷயத்தை உடைத்தார்.

"சண், நீங்க நல்லாப் பேசுறது. ஆனா கோர்ட்டில நோட்டீஸ் வாசிக்கிற மாதிரித் தூர நிண்டு பேசுறது. மனுசனத் தொடவேணும். இங்க, முழங்கையில. மெதுவா. அவருக்கே தெரியாது, ஆனா அவர் மனசுக்குத் தெரியும்."

சொல்லும்போதே யான்ஸின் விரல் சண்முகலிங்கத்தின் முழங்கையில் இருந்தது. அவர் அதைக் கவனித்தபோது, தேத்தண்ணிக்குத் தானே காசு கொடுப்பதாக ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தார். யான்ஸ் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, வெசாக் பண்டிகை முடிவதற்குள் ஒரு மெசினாவது போகாவிட்டால் மேலிடத்துக்குத் தன்னால் பதில் சொல்ல முடியாது என்றும் சொன்னார்.

அது விளையாட்டான விஷயமில்லை. இந்த வேலையும் போனால் கொழும்பில் இருக்க வழியில்லை. சாவகச்சேரியில் மைத்துனரின் புகையிலைக் கடையில் போய் நிற்பதுதான் மிச்சம். அவர் மனைவி சிவக்கொழுந்துக்கு அந்தப் பேச்சை எடுத்தாலே முகம் கறுக்கும். அவள் தமையன் நல்லவர்தான். தமையன் பெண்சாதி, கொடுக்கிற ஒவ்வொரு வாய்ச் சோற்றையும் நாலு பேருக்குச் சொல்லிவிட்டுக் கொடுக்கிறவள். இங்கேயோ, கடற்காற்று வீசும் இரண்டு அறை வீடானாலும் அது சிவக்கொழுந்துவின் வீடு. சொதியில் எவ்வளவு புளி விடுவது என்பதை அவள்தான் தீர்மானித்தாள்.

சிக்கல் என்னவென்றால் சண்முகலிங்கம் பிறந்த நாள் தொட்டு யாரையும் தொட்டுக் கதைத்து அறியாதவர். பஸ்ஸில் பக்கத்து ஆளின் தோள் உரசினால், குற்றம் செய்தவர்போல யன்னலோடு ஒடுங்கிக்கொள்வார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் பகல் வெளிச்சத்தில் மனைவியின் கையைப் பிடித்த ஞாபகம், தாலி கட்டிவிட்டு அக்கினியை வலம் வந்த அன்றைக்கு மட்டும்தான். ஆகவே பழகிப் பார்க்க வேண்டியிருந்தது. பழகுவதற்கு வீட்டில் ஒரே ஆள்தான் இருந்தாள்.

அன்று பின்னேரம் சிவக்கொழுந்து குசினியில் துருவலையில் குந்தித் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். சண்முகலிங்கம் பக்கத்தில் ஒரு பலகையை இழுத்துப் போட்டு இருந்தார். அதுவே புதினம். பிறகு அவளுடைய முழங்கையில் இரண்டு விரலை வைத்தார். துருவல் நின்றது.

"என்ன, காய்ச்சலோ உங்களுக்கு?" என்று கேட்டாள்.

இல்லை என்றார். சும்மாதான் என்றார். விரலை எடுக்கவில்லை. எதைச் சொல்லிப் பார்ப்பது என்று யோசித்தார். லேசான விஷயம் என்றால் சோதனை ஆகாது, ஆகப் பெரிய விஷயத்தையே எடுப்போம் என்று நினைத்து, இந்த மாதம் சரிவராவிட்டால் சாவகச்சேரிக்கு வருகிறோம் என்று அண்ணைக்குச் சொல்லி அனுப்புவோமா, நாளைக்கு மெயில் வண்டியில் ஊராள் ஒருத்தர் போகிறார் என்றார். எத்தனையோ தரம் அவள் வெட்டொன்று துண்டு இரண்டாக மறுத்த விஷயம் அது. இப்போது அவள் தேங்காய்ப் பாதியைக் கையில் வைத்தபடி அவரைப் பார்த்தாள். இந்த மனுசன் எவ்வளவு களைத்துப் போயிருந்தால் இப்படிப் பக்கத்தில் வந்து கையைத் தொட்டுக் கேட்பார் என்று நினைத்தாளாக்கும், கண் கலங்கிவிட்டது.

"உங்களுக்கு அவ்வளவு கஷ்டமெண்டால், ஓம், சொல்லி விடுங்கோ. நான் எங்கையும் இருப்பன்" என்றாள்.

"வேலை செய்யுது" என்றார் சண்முகலிங்கம், தன்னை மறந்து.

"என்ன வேலை செய்யுது?"

அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது. யான்ஸ் சொன்னதையெல்லாம் சொன்னார். சிவக்கொழுந்து கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு அவருடைய விரலைத் தன் முழங்கையிலிருந்து, சோற்றில் கிடந்த கல்லை எடுப்பதுபோல எடுத்து அப்பால் வைத்தாள். சாவகச்சேரிக்கு யாரும் எதுவும் சொல்லி அனுப்பத் தேவையில்லை என்றாள். அன்றிரவு புட்டு இருந்தது, கறி இருந்தது, கதை இல்லை. அடுத்த நாளும் அப்படித்தான். நாலு நாளைக்கு வீட்டில் பாத்திரங்கள் மட்டும்தான் சத்தமாகப் பேசின.

சண்முகலிங்கம் குற்ற உணர்வோடுதான் தெருவில் இறங்கினார். ஆனாலும் சோதனையில் வெற்றி கண்டதில் உள்ளுக்குள் ஒரு துணிவும் வந்திருந்தது. முதலில் போனது அதே ஒழுங்கையில் இருந்த நமசிவாயத்திடம், பென்சன் எடுத்த தபாலதிபர். அவர் கிணற்றில் தோய்ந்து, திருநீறு பூசி, பூசைக்கு வாழையிலையில் பூ எடுத்துக்கொண்டு வந்த நேரம் பார்த்து சண்முகலிங்கம் அவருடைய முழங்கையைத் தொட்டார். நமசிவாயம் பூவைக் கீழே போட்டார். ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போய் மறுபடி கிணற்றில் வாளியை இறக்கினார். மெசின் என்ற சொல்லைச் சொல்லவே இடம் கிடைக்கவில்லை. அடுத்தது பம்பலப்பிட்டிப் பக்கம் ஒரு சிங்களப் பள்ளிக்கூடத் தலைமை மாஸ்டர். அவர் தோளில் கை பட்டதுமே கோட்டுப் பையைப் பொத்திப் பிடித்துக்கொண்டு, மணிக்கூட்டுச் சங்கிலி இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். பிறகு சண்முகலிங்கம் படலைக்கு வெளியே போய்ச் சேரும்வரை அவருடைய இரண்டு கைகளிலிருந்தும் கண்ணை எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, கேட்கிறவள் கேட்கட்டும் என்று இரண்டையும் சுவரைப் பார்த்துச் சொன்னார். குசினிக்குள் ஏதோ சிந்தியதுபோல ஒரு சத்தம். எட்டிப் பார்த்தால் சிவக்கொழுந்து சீலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். நமசிவாயத்தாரின் வாளிச் சத்தம் தனக்கும் கேட்டதாம், இந்த மனுசனுக்கு என்ன வந்தது, இப்பதானே தோய்ந்தவர் என்று யோசித்தாளாம்.

"நீங்கள் தொடுறது மீன் பழுதோ நல்லதோ எண்டு அமத்திப் பாக்கிற மாதிரி" என்றாள். "ஆருக்குத்தான் பயம் வராது."

சமாதானம் வந்தது. சாப்பிடும்போது அவள் இன்னொன்றும் கேட்டாள். மெசினில் இருந்து தைக்கப் போகிறது யார்? பெண்டுகள். நீங்கள் போய்க் கதைக்கிறது யாரோடு? ஆம்பிளைகளோடு. ஊசியில் நூல் கோத்தறியாத ஆம்பிளைக்குத் திருகாணி விளக்கம் எதற்கு?

பெண்டுகளின் முழங்கையைத் தொட்டால் என்னுடைய முழங்காலை முறிப்பார்கள் என்றார் சண்முகலிங்கம்.

"அதுதானே. நான் வாறன்."

அவர் திகைத்துப்போனார். அதைவிடத் திகைப்பு, அவள் உள்ளே போய் ஒரு பொட்டணத்தைக் கொண்டுவந்து விரித்தபோது. தலையணை உறைகள், பக்கத்து வீட்டுக் கொன்ஸ்ரன்ஸின் பிள்ளைகளுக்குத் தைத்த சட்டைகள், எல்லாம் ஒரே சீரான தையல். காட்டுவதற்கென்று கொம்பனி கொடுத்த கைமெசின் மண்டபத்தில் துணி மூடிக் கிடந்தது. அவர் மெசினைத் தூக்கிப் போகாத நாட்களிலெல்லாம் அவள் அதில் தைத்துப் பழகியிருக்கிறாள். கொம்பனிச் சாமான் என்று அவர் வாயெடுத்தார். கொம்பனிக்காரருக்கு ஒருத்தரும் சொல்லப்போவதில்லை என்றாள். அதுக்காக வீட்டுப் பெண் தெருத் தெருவாகப் போவதா, சனம் என்ன சொல்லும் என்றார். மறுநாள் காலை அவர் சவரம் செய்து முடித்துத் திரும்பியபோது, அவள் அரக்குக் கரைச் சீலை உடுத்து, தலை வாரி, மெசின் பெட்டியைத் தூக்கி வைக்க ரிக்‌ஷாவையும் கூப்பிட்டு வைத்திருந்தாள்.

கொட்டாஞ்சேனையில் ஹாஷிம் என்ற பீங்கான் வியாபாரியின் வீட்டில் மெசின் பார்க்க வரச் சொல்லியிருந்தார்கள். நாலு பெண்பிள்ளைகள் உள்ள வீடு. ஹாஷிமின் மனைவி லுத்பியாவுக்கு மெசின் மேல் ஆசை, மறுபடி வரச் சொல்லி அனுப்பியதும் அவள்தான். ஆனால் அந்த வீட்டில் சொல் செல்வது ஹாஷிமின் மூத்த சகோதரி அஸீஸாவுக்கு. புருஷன் இறந்தபின் தம்பி வீட்டுக்கு வந்து, வீட்டுப் பூட்டுகளின் திறப்புக் கோர்வையை இடுப்பில் செருகியவர். அவருக்கு மெசின் வேண்டாம். இதெல்லாம் சண்முகலிங்கத்துக்கு முன்பே தெரியும். ஒருமுறை வந்து முன் மண்டபத்தில் இருந்து, திரைச்சீலையைப் பார்த்து அரைமணி நேரம் விளக்கம் சொல்லி, திரைக்குப் பின்னாலிருந்து "வேணாம் மாஸ்டர்" என்ற ஒரே பதிலை வாங்கிக்கொண்டு போனவர்தானே.

இந்தமுறையும் அவர் அதே கதிரையில் இருந்தார். ஹாஷிம் கடையிலிருந்து வர நேரம் இருந்தது. சிவக்கொழுந்து மட்டும் மெசினோடு உள்ளே போனாள். புழுக்கம் தாங்க முடியவில்லை. தெருவில் ஐஸ்காரன் மணியடித்துக்கொண்டு போனான். உள்ளேயிருந்து நெய்யும் ஏலக்காயும் மணத்தது. சண்முகலிங்கம் குடையை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் நட்டுக்கொண்டு காதைத் தீட்டி வைத்திருந்தார்.

சிவக்கொழுந்து மெசினைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. பிள்ளைகளின் பெயர் கேட்டாள். மூத்தவள் ஷபீகாவின் பின்னலைப் பிடித்துப் பார்த்து என்ன எண்ணெய் வைக்கிறீர்கள் என்றாள். எங்கள் சொதிக்கும் உங்கள் ஆணத்துக்கும் என்ன வித்தியாசம் என்று கொஞ்ச நேரம் ஓடியது. ஊசியைச் சொல், உத்தரவாதத்தைச் சொல் என்று அவர் மனசுக்குள் கெஞ்சினார். கடைசியில் அஸீஸாவின் குரல்தான் மெசினுக்கு வந்தது.

"இது என்னத்துக்கு தங்கச்சி எங்களுக்கு? ஊட்டுல ஊசி நூல் ஈக்குது, கை ஈக்குது. இந்த இரும்பு, விரல்ல ஏறினா என்ன செய்யிற?"

அதற்கு நல்ல பதில் சண்முகலிங்கத்திடம் இருந்தது. ஊசிக்கும் துணியை அமத்தும் பாதத்துக்கும் இடையிலுள்ள தூரம், விரல் போக முடியாத அமைப்பு. சிவக்கொழுந்து அதைச் சொல்லவில்லை. "எங்க அக்கா, கையைத் தாங்கோ பாப்பம்" என்றாள். பிறகு ஒரு சத்தமும் இல்லை. ஏதோ பிழை நடந்துவிட்டதென்று அவர் கதிரை நுனிக்கு வந்துவிட்டார். அப்போது சக்கரம் மெல்லச் சுழலும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. கொஞ்சம் வேகமாக, பிறகு சீராக, மழை ஓட்டில் இறங்கிப் பழகிவிட்டதுபோல ஓடிக்கொண்டே இருந்தது. பிள்ளைகள் ஏதோ சொன்னார்கள். யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பிறகு அஸீஸாவின் சிரிப்பு. அந்த மனுசி சிரிப்பாளென்று அவர் நினைத்துப் பார்த்ததில்லை.

சற்று நேரத்தில் திரைக்குக் கீழால் ஒரு தட்டம் வந்தது. அதில் வட்டிலப்பமும் தண்ணீரும் இருந்தன.

ஹாஷிம் வந்தபோது சண்முகலிங்கம் கரண்டியும் கையுமாக இருந்தார். ஹாஷிம் உள்ளே போய், கொஞ்ச நேரம் அக்காவோடு கதைத்துவிட்டு வெளியே வந்தார். கண் பளபளத்தது. வந்தவர் சண்முகலிங்கத்தின் வலக்கையைத் தன் இரண்டு கைகளுக்கும் நடுவில் பொத்திப் பிடித்தார். அவர்கள் வழக்கம் அது. ஆனால் பிடித்தவர் விடவில்லை. மெசின் இங்கேயே இருக்கட்டும் என்றார். சண்முகலிங்கம் நன்றி சொல்லிக் கையை இழுத்துப் பார்த்தார். வரவில்லை.

"தம்பி, ஒரு விஷயம். ராத்தா சொல்ற, உங்கட வைஃப் கிழமையில ரெண்டு நாள் வந்து ராத்தாவுக்கும் புள்ளைகளுக்கும் பழக்கிக் குடுக்கோணுமாம். இந்தத் தெருவுல இன்னும் எத்தனையோ ஊடு ஈக்குது. ஆம்புளைகள் வந்து காட்டி ஆகிற வேலையா இது? நீங்க ஓமெண்டு சொல்லோணும்."

முடியாது என்ற பதில் அவரிடம் தயாராக இருந்தது. இன்று ஒருநாள் வந்ததே பெரிய காரியம், வீட்டுப் பெண் கிழமைக்கு இரண்டு நாள் வெளியே போவதாவது. யோசித்துச் சொல்கிறேன் என்று தொடங்கினார். ஹாஷிமின் கை சூடாக இருந்தது. பீங்கான் சுற்றும் வைக்கோலால் சொரசொரத்த உள்ளங்கை, மெல்லிய அத்தர் மணம். அந்தக் கை எதையும் அமத்தவில்லை, இழுக்கவில்லை, சும்மா இருந்தது. இந்த மனுசன் தன்னை இவ்வளவு நம்புகிறாரே என்று சண்முகலிங்கத்துக்குத் தோன்றியது. வேண்டாமென்று சொல்ல நாக்கு எழும்பவில்லை.

"ஓம்" என்று ஒரு குரல் கேட்டது. அது தன்னுடைய குரல்தான் என்று அவருக்குக் கொஞ்சம் பிந்தித்தான் விளங்கியது.

கோட்டைக்குப் போகும் ட்ராமில் சிவக்கொழுந்து யன்னல் பக்கம் இருந்தாள். மெசின் இல்லாத மடி அவளுக்குப் புதிதாக இருந்ததுபோல, கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் வைத்திருந்தாள். உள்ளே என்ன சொல்லி மயக்கினாய் என்று கேட்டார்.

"நான் ஒண்டும் சொல்லேல்லை. கையைப் பிடிச்சுப் பாத்தன். கை நடுங்குது. பாவம், ஊசி பிடிக்க ஏலாமல் போய்க் கனகாலம் போல. ஒருத்தருக்கும் சொல்லாமல் வைச்சிருந்திருக்கிறா. மெசின் வந்தால் எல்லாரும் தையுங்கோ எண்டு இழுத்து இருத்துவினம், அப்ப தெரிஞ்சிடும் எண்டு பயம்."

"பிறகு?"

"பிறகென்ன. நான் என்ரை கையை மேலை வைச்சன். துணியிலை உள்ளங்கையைத் தட்டையா வைச்சு அமத்தினால் நடுக்கம் நிக்குது. மெசின் தானே இழுத்துக்கொண்டு போகும். ஒரு முழம் தைச்சுப்போட்டுத் தையலைப் பாத்தா. நேரா இருக்குது. அழுதா, பேந்து சிரிச்சா."

சண்முகலிங்கம் குடையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். அந்தத் திரைக்கு முன்னால் இருந்து தான் அரைமணி நேரம் திருகாணி விளக்கம் சொன்னதை நினைத்துக்கொண்டார். பிறகு, கிழமைக்கு இரண்டு நாள் என்று ஹாஷிமுக்கு ஓம் சொன்னதை ஒப்புக்கொண்டார். என்னைக் கேளாமலா சொன்னீர்கள் என்று அவள் கண்டிப்பாகக் கேட்டாள். அந்த மனுசன் கையை விடவில்லை, நான் என்ன செய்ய என்றார். அவள் சிரித்த சிரிப்பில் ட்ராம் கொண்டக்டரும் திரும்பிப் பார்த்தான்.

வெசாக் வெளிச்சக் கூடுகள் கழற்றும் முன்பே கொட்டாஞ்சேனையில் அந்தத் தெருவிலும் அடுத்த தெருவிலும் மெசின்கள் ஓடத் தொடங்கிவிட்டன. சேதி யான்ஸின் காதுக்குப் போக, ஒரு காலை அவரே வெள்ளவத்தைக்கு வந்து இறங்கினார். சண்முகலிங்கத்தின் கையைக் குலுக்கித் தோளைத் தட்டினார். பிறகு சிவக்கொழுந்து பக்கம் கையை நீட்டினார். அவள் மூன்று முழம் தள்ளி நின்று இரண்டு கையையும் கூப்பினாள். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் யான்ஸ் தலையைத் தடவிக்கொண்டார்.

மருதானைக்கும் கிராண்ட்பாஸுக்கும் சண்ணோடு நோனாவும் வரவேண்டும், கொம்பனி மறக்காது என்றார் யான்ஸ். வரலாம், ஆனால் இவருடைய வேலையை நிரந்தரமாக்கித் தரவேண்டும் என்றாள் சிவக்கொழுந்து. அது மேலிடத்து விஷயம் என்று யான்ஸ் ஒரு அடி கிட்ட வந்தார். அவள் கூப்பிய கையோடு ஒரு அடி பின்னால் போனாள். மெசின் ஏற்ற ரிக்‌ஷாவைக் கொம்பனி பிடித்துத் தரவேண்டும் என்றாள். அவர் இழுத்தார், இழுத்துக்கொண்டே இன்னொரு அடி வைத்தார். அவள் இன்னொரு அடி. காட்ட ஒரு மெசின் எப்போதும் இந்த வீட்டிலேயே இருக்கவேண்டும் என்றபோது அவள் குசினி வாசலில் நின்றாள், யான்ஸ் மண்டபத்து நடுவில் இரண்டு கையும் சும்மா தொங்க நின்றார். தொடுவதற்கு ஒரு முழங்கையும் எட்டாத இடத்தில் அந்த மனுசனுக்குப் பேச்சும் எட்டவில்லை. எல்லாவற்றுக்கும் சரி என்றார். கழுத்தைத் துடைத்துக்கொண்டு போனார்.

பின்னேரம் இருவரும் கடற்கரைப் பக்கம் நடந்தார்கள். சோளகக் காற்றுத் தொடங்கி, அலை பாறையில் அடித்துத் தூவானம் ரயில் பாதைவரை தெறித்தது. பாதையைக் கடக்கும் இடத்தில் கற்கள் ஈரமாயிருந்தன. சிவக்கொழுந்து சீலைக் கொய்யகத்தை ஒரு கையால் தூக்கிக்கொண்டு, மறு கையை அவர் பக்கம் நீட்டினாள். அவர் பிடித்தார். பாதையைக் கடந்து அந்தப் பக்கம் போய் நின்றபோது, கோட்டையிலிருந்து கல்கிசைக்குப் போகும் வண்டி வந்தது. பெட்டிக்குப் பெட்டி கந்தோர் விட்டுப் போகிற கிளாக்கர்மார். பழைய கொம்பனியில் பக்கத்து மேசையில் இருந்தவர்கூட யன்னலால் தலையை நீட்டி, நம்ப முடியாதவர்போலப் பார்த்தார்.

"ஆக்கள் பாக்கினம்" என்றாள் சிவக்கொழுந்து.

"பாக்கட்டும்" என்றார் சண்முகலிங்கம். கடைசிப் பெட்டியும் போய் மறையும்வரை அவர் கையை விடவில்லை.